‘ஒருவேளை’ என்று எழுதியவரின் மகள்

அனுப்புநர்:
மூத்த நிதித்துறை வல்லுநர் பிரிவில் அனுமதி பெற்றவரின் மனைவி,
(அதே கோப்பில் அனுமதி மறுக்கப்பட்ட சிறுமியின் தாய்),
அண்ணன் வீட்டு மாடி அறை,
தற்காலிக முகவரி.

பெறுநர்:
உயர்திரு மேல்முறையீட்டு ஆணையர் அவர்கள்,
குடும்பத்தினர் சேர்க்கைப் பிரிவு,
குடியேற்ற அனுமதி அலுவலகம்.

பொருள்: என் கணவருக்கும் எனக்கும் அனுமதி வழங்கி, எங்கள் ஒரே மகளுக்கு உடல்நிலையைக் காரணம் காட்டி மறுத்தது – மறுபரிசீலனை கோருதல் – இயலாதெனில் என் கணவரின் அனுமதியை ரத்து செய்து அவரைத் திருப்பி அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் மூன்று மறுப்புக் கடிதங்கள். மூன்றின் முடிவும் ஒன்றுதான், தேதி மட்டும் வேறு.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம்.

1. நான் பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் நடத்தியவள். அதிகாரிக்கு மனு எழுதுவது எப்படி என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். குறையைச் சொல், கோரிக்கையைச் சொல், அழுகையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வா என்பதுதான் நான் கற்பித்த இலக்கணம். தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பிள்ளைகளும் அழகாக எழுதுவார்கள். இப்போது என் முறை வந்திருக்கிறது. முறைப்படி எழுதவே முயல்கிறேன். எங்கேனும் வரம்பு மீறியிருந்தால் அந்த இடத்தை மட்டும் தாங்கள் வாசிக்காமல் தாண்டிவிடலாம்.

2. இம்மனுவை என் தாய்மொழியில் எழுதுவதற்குத் தங்கள் விதிகளில் இடம் உண்டு. மொழிபெயர்ப்பைத் தங்கள் அலுவலகமே பார்த்துக்கொள்ளும் என்று படித்தேன். தங்கள் மொழியிலும் எனக்கு எழுத வரும். ஆனால் அந்த மொழியில் எனக்குக் கோபப்படத் தெரியாது. முந்தைய இரண்டு மேல்முறையீடுகளையும் அந்த மொழியில்தான் என் கணவர் எழுதினார். அவருக்கு எந்த மொழியிலும் கோபப்படத் தெரியாது. அதுவும் இந்தக் கோப்பு இந்த நிலைக்கு வந்ததற்கு ஒரு காரணம்.

3. என் கணவர் மருந்துப் புட்டிகளுக்கு மூடி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் நிதிப் பிரிவின் தலைவராக இருந்தவர். ஒரு நிறுவனத்தில் எல்லாரும் வரப்போகிற நல்லதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, வரக்கூடிய கெட்டதைப் பற்றி ஒருவர் பேசியாக வேண்டும். அதற்குச் சம்பளம் வாங்கியவர் இவர். ஆண்டு இறுதியில் கணக்கு முடிக்கும்போது, நடந்ததை எழுதினால் மட்டும் போதாது. நடக்கக்கூடியதையும் அடியில் குறிப்பாக எழுத வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் நெறி. இந்த வழக்கு ஒருவேளை தோற்றால், அந்த வாடிக்கையாளர் ஒருவேளை நொடித்தால் என்று பக்கம் பக்கமாக எழுதுவார். அலுவலகத்தில் அவருக்கு ‘ஒருவேளை சார்’ என்றே பெயர். அவர் காதுபடவே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

4. வீட்டிலும் அப்படித்தான். சாவிக்கு மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். பக்கத்து வீட்டார் ஒருவேளை வெளியூர் போனால் என்று இன்னொன்று அவர் அலுவலக மேசையில் இருக்கும். சுட்டெரிக்கிற வெயிலில் குடையோடு போவார். வெயிலுக்கா என்று கேட்டால், இல்லை, மழைக்கு என்பார். நானும் மகளும் அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

5. எங்கள் திருமணப் பேச்சு நடந்தபோது அவர் செய்த காரியத்தைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். பெண் பார்க்க வந்த இடத்தில் எல்லா மாப்பிள்ளைகளும் தங்கள் பெருமையைச் சொல்வார்கள். இவர் என் அப்பாவைத் தனியே அழைத்துப்போய், தன்னிடம் உள்ள குறைகளை வரிசையாகச் சொன்னாராம். அவர்கள் வீட்டு ஆண்களுக்குச் சீக்கிரம் முடி கொட்டிவிடும். தங்கைக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை, அந்தப் பொறுப்பு தன் தலையில்தான். கம்பெனியை வேறு ஊருக்கு மாற்றினாலும் மாற்றுவார்கள். அவர்கள் போன பிறகு வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “தன்னைப் பத்தியே இவ்வளவு சொல்றவன்கிட்ட, சொல்லாம விட்ட குறைன்னு எதுவும் இருக்காது. தைரியமாக் குடுக்கலாம்” என்றார். அந்த ஒரு பேச்சில்தான் என் திருமணம் முடிவானது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற என் அப்பாவுக்கு ஒரே மாலையில் விளங்கியது, தங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதியும் விளங்கவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

6. தங்கள் நாட்டில் மூத்த நிதித்துறை ஆட்கள் போதவில்லை என்று அறிவிப்பு வந்தது. வயது வரம்பு உண்டு, அந்த வரம்பை அவர் நெருங்கிக்கொண்டிருந்தார். தங்கள் நாட்டு நிறுவனம் ஒன்று வேலை தருவதாகக் கடிதம் கொடுத்தது. தங்கள் அலுவலகம் அவருடைய பழைய அலுவலகத்தை விசாரித்தது. அங்கே உள்ளவர்கள் ஒரு கதையைச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விழப்போகிறார் என்று இவர் மட்டும் முன்கூட்டியே சொல்லி, அதற்கென்று தனியே பணம் ஒதுக்கிவைக்கச் செய்தார். எல்லாரும் நக்கல் அடித்தார்கள். அந்த வாடிக்கையாளர் விழுந்தார், நிறுவனம் விழவில்லை. இதைக் கேட்ட தங்கள் அலுவலகம் அனுமதிக் கடிதத்தில் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தது: ‘வரக்கூடிய இடர்களை முன்னுணர்ந்து மறைக்காமல் எடுத்துரைக்கும் பண்பு, இவ்விண்ணப்பதாரரின் சிறப்புத் தகுதி.’ அந்த வரியை என் மகள் சத்தம் போட்டு வாசித்து, வீட்டுக்குள் ஊர்வலம் போனாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பாழாய்ப்போன பெருமை.

7. அடுத்து குடும்பத்தினருக்கான விண்ணப்பம். அதில் உடல்நிலை குறித்து ஒரு கேள்வி. குடும்பத்தில் எவருக்கேனும் நீண்டகாலச் சிகிச்சை தேவைப்படக்கூடிய நோய் இருந்ததா, அல்லது வர வாய்ப்புண்டா? என் மகளுக்கு ஒன்றரை வயதில் கடும் காய்ச்சலில் ஒருமுறை வலிப்பு வந்தது. காய்ச்சல் இறங்கியதும் அதுவும் போய்விட்டது. இப்போது அவளுக்கு வயது பதினொன்று. இடையில் எத்தனையோ முறை காய்ச்சல் வந்தது, வலிப்பு வந்ததில்லை. மருந்து மாத்திரை எதுவும் கிடையாது. சைக்கிள் ஓட்டுவாள், நீச்சல் அடிப்பாள், என்னோடு வாய்க்கு வாய் பேசுவாள்.

8. விண்ணப்பங்களை நிரப்பித் தரும் ஆலோசகர் அந்தக் கேள்வியில் ‘இல்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். இவர்தான் நிறுத்தினார். ஆலோசகருக்கு இது புதிது. “சார், இதெல்லாம் யாரு சார் கேக்கப் போறா?” என்றார். “கேட்டாங்கன்னா?” என்றார் என் கணவர். ஆலோசகர் என்னைப் பார்த்தார். நான் தடுக்கவில்லை. இவர் எப்போதும் அப்படித்தான், ஒரு வரி கூடுதலாக எழுதினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். கூடுதலாக எழுதிய அந்த வரி: ‘ஒன்றரை வயதில் காய்ச்சலால் ஒருமுறை வலிப்பு வந்துள்ளது, அதன்பின் இல்லை, ஒருவேளை மீண்டும் வரக்கூடும் என்பதை முற்றிலும் மறுப்பதற்கில்லை.’

9. அய்யா, இந்த உலகத்தில் எந்த அப்பாவும் இப்படி எழுத மாட்டார். கணக்குக்கு அடிக்குறிப்பு எழுதிப் பழகிய கை எழுதிய வரி இது. அவர் தொழிலில் இப்படி எழுதினால் வாசிப்பவர்கள் நிம்மதி அடைவார்கள். மறைக்கவில்லை, இதற்கு மேல் எதுவும் இல்லை என்று பொருள். அவரும் தங்கள் அலுவலகத்தை அப்படி நிம்மதிப்படுத்தவே எழுதினார். தங்கள் அலுவலகமோ அந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டது. தீராத நோயுள்ள குழந்தை என்று முடிவு கட்டிவிட்டது.

10. குடும்பத்தினரின் அனுமதி வெறும் சம்பிரதாயம் என்று ஆலோசகர் சொன்னதை நம்பி, நாங்கள் அதற்குள் எல்லாவற்றையும் கலைத்துவிட்டோம். அவர் வேலையை விட்டார், அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். நானும் வேலையை விட்டேன். வாடகை வீட்டைக் காலி செய்தோம். கட்டில், பீரோ, மகளின் சைக்கிள் எல்லாம் ஆளுக்கொன்றாகப் போயின. மீதி பெட்டிகளில் கட்டப்பட்டு, மேலே ‘சமையல்’, ‘புத்தகம்’, ‘குளிர் உடை’ என்று என் கையெழுத்தில் எழுதப்பட்டது. அதன் பிறகுதான் தங்கள் முதல் மறுப்புக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரரும் மனைவியும் வரலாம், சிறுமி வர இயலாது. கீழே, தங்கள் நாட்டிற்கு எங்களை அன்புடன் வரவேற்பதாகவும் அச்சிடப்பட்டிருந்தது. அன்பு என்ற சொல்லை அந்த இடத்தில் போட்டவர் யாரென்று தெரிந்துகொள்ள எனக்கு மிகவும் ஆசை.

11. குறித்த நாளுக்குள் வேலையில் சேராவிட்டால் அவருடைய அனுமதியும் காலாவதியாகிவிடும், வயது வரம்பைத் தாண்டிய பிறகு மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. ஆகவே அவர் முதலில் போய், அங்கிருந்து மேல்முறையீடு செய்வதென்று முடிவாயிற்று. விமான நிலையத்தில் வேறு ஒரு அப்பாவாக இருந்தால், ஒரே மாதத்தில் வந்துவிடுவாய் என்று பிள்ளையிடம் சொல்லியிருப்பார். இவர், “சீக்கிரம் வந்துடுவன்னு நினைக்கிறேன் கண்ணு, ஆனா உறுதியாச் சொல்ல முடியாது” என்றார். அப்போது என் மகள் அதற்குச் சிரித்தாள்.

12. நானும் அவளும் இப்போது என் அண்ணன் வீட்டு மாடியில் ஒரே அறையில் இருக்கிறோம். பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கியிருக்கிறோம், பிரிக்கவில்லை. ஒரு கரண்டி வேண்டுமென்றால்கூட அண்ணியிடம்தான் கேட்கிறேன். அண்ணி தங்கமானவர், முகம் சுளித்ததில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் யாராவது வந்து, இன்னுமா கிளம்பவில்லை என்று கேட்டால், எனக்கு முந்திக்கொண்டு அவர் பதில் சொல்கிறார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறார் என்று தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

13. முதல் மேல்முறையீட்டோடு மருத்துவரின் சான்றிதழை இணைக்க வேண்டியிருந்தது. என் மகளைப் பிறந்ததிலிருந்து பார்க்கும் குழந்தை மருத்துவர் அவர். கிளம்புவதற்கு முன் இவரும் என்னோடு வந்தார். இந்த வயதுக்கு மேல் அது வர வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம் என்றார் மருத்துவர். சொல்லலாமா, அல்லது இல்லவே இல்லையா என்று இவர் கேட்டார். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு சான்றிதழில் ‘வாய்ப்பு மிக மிக அரிது’ என்று எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் நடுத்தெருவில் நான் இவரைத் திட்டினேன். அய்யா, பதினாறு வருடத்தில் நான் அவரைத் திட்டியது அதுவே முதல்முறை என்று எழுதினால் அது பொய். ஆனால் அழுதுகொண்டே திட்டியது அதுதான் முதல்முறை.

14. சான்றிதழைத் தங்கள் அலுவலகம் ஏற்கவில்லை. வாய்ப்பு அரிது என்றால் வாய்ப்பு உண்டு என்றே பொருள் என்று இரண்டாம் கடிதம் விளக்கியது. அத்தோடு ஒரு வழியும் சொல்லியது. முன்பு எழுதியதை விண்ணப்பதாரரே திரும்பப் பெற்று, ‘இந்நோய் என் மகளுக்கு மீண்டும் வராது’ என்று உறுதிமொழி அளித்தால் கோப்பு மறுபடி பரிசீலிக்கப்படும். ஒரே ஒரு வாக்கியம். என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள்.

15. அவர் எழுதவில்லை. ‘எனக்குத் தெரிந்தவரை வராது’ என்று எழுதி அனுப்பினார். மூன்றாம் கடிதம் வந்தது. தொலைபேசியில் நான் கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன், ஏனெனில் அவரை மூளை இல்லாத பிடிவாதக்காரர் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. “வராதுன்னு நான் எழுதிக் குடுத்து, அங்க வந்தப்புறம் ஒரு நாள் வந்துட்டா? பொய் சொல்லி உள்ள வந்தாங்கன்னு மூணு பேரையும் அனுப்புவாங்க. அனுப்பினாப் போகட்டும். நம்மால்தான் இப்படி ஆச்சுன்னு அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க நினைக்கும். அந்தப் பாரத்த அவ தலையில வைக்க என்னால முடியாது.”  இதற்குத் தங்களிடம் பதில் இருந்தால் தெரிவிக்கவும்.

16. ஆகவே, ஆணையர் அவர்களே, தங்கள் முன் நான் வைக்கும் வாதம் ஒன்றுதான். வரக்கூடிய கெட்டதை மறைக்காமல் சொல்பவர் என்பதற்காகத் தாங்கள் அவரை அழைத்தீர்கள். வரக்கூடிய கெட்டதை மறைக்காமல் சொன்னார் என்பதற்காகவே அவர் பிள்ளையை மறுத்தீர்கள். இரண்டு கடிதங்களிலும் ஒரே முத்திரை இருக்கிறது. பொய் சொல்லத் தெரிந்த அப்பாவின் பிள்ளையாக இருந்திருந்தால் அவள் இந்நேரம் அங்கே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பாள். அந்த ஆலோசகரிடம் வந்த எத்தனை பேர் அந்தக் கேள்வியில் ‘இல்லை’ என்று குறித்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, பொறாமைதான்.

17. அங்கே அவர் இருக்கும் நிலையையும் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு வருபவருக்குப் போதிய இடவசதி வேண்டும் என்ற தங்கள் விதிப்படி, இரண்டு படுக்கையறை உள்ள வீடு எடுத்திருக்கிறார். ஒன்றில் மகளுக்கென்று கட்டில் வாங்கிப் போட்டார். அதன் மெத்தையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை, ஒருவேளை திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் என்று. காணொளியில் பேசும்போது அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்காருகிறார். ஒருநாள் மறந்துவிட்டார். பளபளவென்று அந்த மெத்தையை நான் பார்த்தேன். என் மகளும் பார்த்தாள்.  அங்கே அலுவலகத்தில் அவரை எல்லாரும் மதிக்கிறார்கள் என்று சொல்கிறார். சாப்பிட்டீர்களா என்று கேட்டால், சாப்பிட்டதாக நினைக்கிறேன் என்கிறார்.

18. திரும்பி வந்துவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஊரார் கணக்கில் வராக்கடனை முதல் ஆளாகத் தள்ளுபடி செய்கிறவர், இதை மட்டும் தள்ளுபடி செய்ய மறுக்கிறார். இன்னும் ஒரு மேல்முறையீடு பாக்கி இருக்கிறது, தானாக விட்டு வந்தால் மகளுக்கு வழியே அடைபட்டுப்போகும் என்கிறார். அந்தக் கடைசி மேல்முறையீடுதான் இது. இதை அவருக்குப் பதிலாக நான் எழுதுகிறேன். அவர் எழுதினால் அதிலும் ஒரு ‘ஒருவேளை’ வந்துவிடும்.

19. என் மகளைப் பற்றி. நான் ஸ்பீக்கரில் போட்டிருந்த தொலைபேசியில் அவர் மூன்றாம் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது அவள் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அவள் அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. ஒன்றரை வயதில் நடந்தது அவளுக்கு நினைவில்லை, நாங்களும் அதைப் பெரிதாகச் சொன்னதில்லை. அன்றிலிருந்து அவள் நீச்சலுக்குப் போகவில்லை. வகுப்பில் சுவரோரம் இடம் மாற்றிக் கேட்டிருக்கிறாள். தலைவலி என்றால் சொல்வதில்லை. அது வரப்போகிறதென்று முன்னாடியே தெரியுமா அம்மா என்று ஒருநாள் கேட்டாள். போன வாரம் அவருடன் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் போனை வாங்கி, “அப்பா, நான் மாமா வீட்லயே இருந்துக்கறேன். நீங்களும் அம்மாவும் அங்க இருங்க. லீவுக்கு வாங்க போதும்” என்றாள். பெரிய மனுஷி மாதிரி நிதானமாகச் சொன்னாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டது என்று அவள் நினைத்தாள். போகவில்லை.

20. எனவே தாங்கள் கருணை கூர்ந்து,

(அ) மருத்துவரின் சான்றிதழையே இறுதியாகக் கொண்டு என் மகளுக்கு அனுமதி வழங்குமாறும்,

(ஆ) அது எவ்விதத்திலும் இயலாதெனில், என் கணவரின் அனுமதியைத் தாங்களே ரத்து செய்து அவரை எங்களிடம் திருப்பி அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். தானாக வர அவருக்கு மனம் வராது. ஆணை என்றால் வருவார்.

21. மேற்கண்ட பத்தியோடு மனுவை முடித்து, மேலே கூறியவை யாவும் உண்மை, எதையும் மறைக்கவில்லை என்ற வரியையும் எழுதி, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. மகளுக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது, வந்து அழைத்துப் போங்கள் என்றார் வகுப்பாசிரியை. அந்த உறுதிமொழி வரியை அடித்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து மீதியை எழுதுகிறேன். இதைப் புதிதாக வேறு தாளில் எழுதி அனுப்பும் தெம்பு எனக்கு இல்லை.

22. காய்ச்சல் இன்று வந்ததல்ல. நேற்றே வந்திருக்கிறது. நேற்று மாலையிலிருந்து நான் நெற்றியைத் தொடும்போதெல்லாம் சில்லென்று இருந்ததற்குக் காரணம், அவள் குளியலறைக்குப் போய்த் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்ததுதான். காலையில் அண்ணி கொடுத்த காப்பியை, குடித்தால் உடம்புச் சூடு இன்னும் ஏறும் என்று பயந்து வேண்டாமென்று சொல்லியிருக்கிறாள். பள்ளியில் கைக்குட்டையை நனைத்துக் கழுத்துக்குள் வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தாளாம். பக்கத்துப் பெண்தான் ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணோடு இனிமேல் பேச மாட்டேன் என்று என் மகள் சொல்கிறாள்.

23. அய்யா, காய்ச்சலை உடனே சொல்ல வேண்டும், உடனே இறக்க வேண்டும் என்பதுதான் மருத்துவர் எங்களுக்குச் சொன்ன ஒரே பத்தியம். பத்து வருடமாக அதைத்தான் கடைப்பிடித்தோம். தங்கள் மூன்று கடிதங்கள் என் மகளுக்குக் கற்றுக்கொடுத்தது அதற்கு நேர்மாறானதை. இந்தப் பிள்ளைக்கு ஆபத்து வந்தால் அது அந்தப் பழைய வலிப்பால் வராது, இந்தப் பயத்தால்தான் வரும். இதை மருத்துவச் சான்றிதழ் இல்லாமலே நான் எழுதித் தருகிறேன். இதில் ‘ஒருவேளை’ போட மாட்டேன்.

24. ஆட்டோவில் என் மடியில் படுத்துக்கொண்டு வந்தாள். கண்ணைத் திறக்காமலே கேட்டாள். “அம்மா, இத அந்த மனுவுல எழுதிடாதீங்க.” எழுதமாட்டேன் என்று சொன்னேன்.

25. எழுதிவிட்டேன். குடும்பத்தினரின் உடல்நிலையில் மாற்றம் ஏற்பட்டால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது தங்கள் விதி. இவரிடம் சொன்னால், அவர் அழுதுகொண்டே முதலில் தங்களுக்குத்தான் தெரிவிப்பார். அந்த வேலை அவருக்கு வேண்டாம் என்று நானே தெரிவித்துவிட்டேன். இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்ததில் அந்தத் தொற்று எனக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது. மருத்துவர் வந்து பார்த்தார். தொண்டையில் புண் என்கிறார். வலிப்பு இல்லை. காய்ச்சல் இறங்கிக்கொண்டிருக்கிறது. என் மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். நான் எழுதுவது பேனாச் சத்தத்தில் அவளுக்குத் தெரியும். 

26. ஆகவே 20-ஆம் பத்தியில் உள்ள (அ) கோரிக்கையை இத்துடன் கைவிடுகிறேன். எங்களுக்குத் தங்கள் நாடு வேண்டாம். (ஆ) கோரிக்கையைத் தாமதமின்றி நிறைவேற்றுங்கள். இந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் அவள் அப்பா உட்கார வேண்டும்.

(இ) என்று புதிதாக ஒன்று சேர்க்கிறேன். தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு கடிதம் வேண்டும். எங்களுக்கு அல்ல, என் மகள் பெயருக்கு. காய்ச்சல் வந்தால் அம்மாவிடம் சொல்லலாம், அதற்காக யாரும் உன்னை எங்கிருந்தும் விலக்க மாட்டார்கள் என்று இரண்டு வரி. அடியில் அந்த வட்ட முத்திரை. நான் எத்தனை முறை சொல்லியும் அவள் நம்பவில்லை. அவளிடம் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதியவள் நான், இனி எப்படி நம்புவாள்? தங்கள் முத்திரையை நம்புவாள். அதன் சொல்லுக்கு எவ்வளவு வலிமை என்று அவள் கண்ணால் பார்த்துவிட்டாள்.

மேலே கூறியவை யாவும் உண்மை. எதையும் மறைக்கவில்லை.

இடம்: அண்ணன் வீட்டு மாடி, பெட்டிகளுக்கு நடுவே
நாள்: காய்ச்சல் தெரியவந்த அன்றே

இப்படிக்கு,
காய்ச்சலை மறைத்த பிள்ளையின் தாய்
(ஒப்பம்)